217ஆம் அறைக்கு விருது

மனித குல வரலாற்றை மூன்று காலங்களாகப் பிரிக்கலாம். மனிதன் குகையில் வாழ்ந்த காலம், வீட்டில் வாழ்ந்த காலம், எங்கள் பல்கலைக்கழகம் நவீனமயமான பிறகு வந்த காலம். முதல் இரண்டிலும் ஒரு பெருங்குறை இருந்தது. குகையில் இருந்தவன் தண்ணீர் இருக்கிறதா என்று சுனைக்கு நடந்து போய்ப் பார்த்தான். வீட்டில் இருந்தவன் குழாயைத் திறந்து பார்த்தான். மூன்றாம் காலத்தில் இந்த அவலம் ஒழிந்தது. திரையைப் பார்த்தாலே போதும்.

இந்தப் புரட்சியில் என் பங்கைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லாவிட்டால் வேறு எவனாவது அதைத் தன் பங்கு என்பான். ஆகவே சொல்லிவிடுகிறேன். நான் உதவிப் பதிவாளர், கட்டடங்கள் பிரிவு. 'நவீனமயமாக்கல் உயர்மட்டக் குழு'வின் செயலரும் நானே. குழுவில் தேநீர் வந்ததும் பேச்சை நிறுத்துபவர் துணைவேந்தர். கோப்பைகள் போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குபவன் நான். இது சாதாரணப் பொறுப்பு இல்லை. விட்ட இடம் வேறு யாருக்கும் நினைவிருக்காது.

எங்கள் கட்டடங்கள் அதற்கு முன் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள். மாடிக்கு மாடி ஒரு மின்பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு கோபம். வேதியியல் துறையில் ஏசி போட்டால் நூலகத்தில் விளக்கு அணையும். விடுதியில் கீழ்மாடியில் ஒருத்தர் குளித்தால் மேல்மாடியில் சோப்புப் போட்டவர் போட்டபடியே நிற்பார். இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் பராமரிப்புப் பொறியாளர். எந்நேரமும் ஏதாவது ஒரு வால்வைத் திறந்துகொண்டோ மூடிக்கொண்டோ இருந்ததால் அவருக்கு 'வால்வு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. குழுக்கூட்டத்துக்கே ஸ்பானரோடு வந்து உட்காருவார். இவரை வைத்துக்கொண்டு உலகத் தரத்தை எப்படி எட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே ஓர் ஆலோசகரை அழைத்தோம். அவர் கோட்டுப் போட்டிருந்தார். கூட்டம் முழுக்க ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. அதிலேயே எங்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"உங்க கேம்பஸுக்கு ஒரு இரட்டை பிறக்கணும்" என்றார்.

துணைவேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்குப் பிறக்கணும்?"

"கேம்பஸுக்கு ஐயா. டிஜிட்டல் இரட்டை. உங்க கட்டடம், ரூம், குழாய், வயர் எல்லாம் அச்சு அசலா கம்ப்யூட்டருக்குள்ள இன்னொண்ணு இருக்கும். அங்க பட்டனை அமுக்கினா இங்க விளக்கு எரியும். இங்க தண்ணி ஓடினா அங்க நீலமாத் தெரியும்."

"தெரியலைன்னா?"

"தெரியாம இருக்கவே இருக்காது ஐயா. நீலத்தை நாங்க முன்னாடியே போட்டுருவோம்."

அந்த முன்யோசனையைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

இரட்டையைச் செய்யக் கட்டடங்களை அளக்க வேண்டும் என்று நினைத்து வால்வு டேப்பும் கையுமாக வந்து நின்றார். ஆலோசகர் சிரித்துவிட்டார். வெயிலில் அலைந்து அளப்பதெல்லாம் பழைய காலத்து வழக்கம். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் ஆட்சிக்குழு அங்கீகரித்த வரைபடங்கள் என் அலமாரியில் தூசியோடு பத்திரமாக இருந்தன. தூசியைத் தட்டி அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இரட்டை பிறந்துவிட்டது. மூத்தது செங்கல்லில், இளையது திரையில்.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. திரை ஒன்று சொல்லி, கட்டடம் வேறொன்று சொன்னால் யாரை நம்புவது? குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. தேநீர் ஆறாக ஓடியது. கடைசியில் விதி ஏழு உதயமானது: "திரைக்கும் கட்டடத்துக்கும் முரண் ஏற்படின் திரையே மெய்யெனக் கொள்ளப்படும். கட்டடம் தன்னைத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டது." துணைவேந்தர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

அன்றிலிருந்து குறைகள் குறைந்த வேகம் இருக்கிறதே, அப்பப்பா! பெண்கள் விடுதிக் காப்பாளர் போன் செய்வார்.

"சார், ரெண்டு நாளாத் தண்ணி வரல."

வால்வு திரையைப் பார்ப்பார். "வருதேம்மா."

"எங்க வருது?"

"இங்க வருது. நல்லா நீலமா வருது."

"அப்ப இந்தப் பொண்ணுங்க எப்படிக் குளிக்கும்?"

"தண்ணி எங்க பொறுப்பும்மா. குளிக்கிறது விடுதியோட பொறுப்பு."

வால்வை நான் குறைத்து எடைபோட்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் ஒரு சுழல் நாற்காலியும் தலைக்கு நேரே ஏசியும் கிடைத்ததும் மனிதர் ஆளே மாறிவிட்டார். ஸ்பானரைத் தோட்டக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். யாராவது அவரை வெளியே கூப்பிட்டால், "எதுக்கு வெளிய? எல்லாம் இங்கயே தெரியுதே" என்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். அதற்குள் அவருக்குத் தொப்பையும் லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு மனிதனை நவீனமயமாக்குவது இவ்வளவு சுலபம் என்று யாருக்குத் தெரியும்!

இனி என் மச்சினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னேற்றம் எங்கே கிளம்பினாலும் அதற்குக் குறுக்கே நிற்க வீட்டிலிருந்தே ஒரு ஆள் கிளம்பிவிடும். மச்சினி என் மனைவியின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி எங்கள் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விலங்கியல் துறை. பொருள், மீன் குடல். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஒரு குறிப்பிட்ட ஏரியில் மட்டுமே இருந்த ஒரு சின்ன மீனின் குடலுக்குள் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் மீனைப் பிடித்துக் குடலை எடுத்துக் குப்பிகளில் போட்டு உறைய வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வந்த கையோடு அந்த ஏரியைத் தூர்த்து வாகனம் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே இந்த உலகத்தில் அந்த மீன் என்று மிச்சம் இருந்தது அவளுடைய உறைபெட்டிக்குள்தான்.

உறைபெட்டி என்றால் வீட்டில் ஐஸ் வைக்கும் பெட்டி இல்லை. ஆள் உயரம். உள்ளே மைனஸ் எண்பது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் குடல் கரையும், கூடவே அவள் படிப்பும் கரையும். "அதுங்க என் குழந்தைங்க அத்தான்" என்பாள். தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, எதிரே ஒருத்தி குடல் குடல் என்று பாசத்தோடு பேசுவதைக் கேட்டபடி சாப்பிடும் மனிதனின் பொறுமையை எந்த விருதுக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பழைய மின்பெட்டிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய முறைக்கு மாறிய நன்னாள் வந்தது. துணைவேந்தர் கட்டுப்பாட்டு அறையில் பட்டனை அமுக்கினார். வரைபடத்தில் இருந்த எல்லா அறைகளுக்கும் மின்சாரம் பாய்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் மச்சினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அத்தான், என் ரூம்ல கரண்ட் இல்ல!"

நாலு பெரிய மனிதர்கள் முன்னால் அத்தான் என்று கூப்பிட்டது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "எந்த அறை?" என்று அலுவலகக் குரலில் கேட்டேன்.

"மாடிப்படிக்குக் கீழ இருக்குல்ல, ஃப்ரீஸர் ரூம். அதுதான்."

ஆலோசகர் திரையைப் பெரிதாக்கினார். சிறிதாக்கினார். படியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "அங்க ரூமே இல்லையேம்மா."

அது உண்மைதான். மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த இடத்தைப் பிற்காலத்தில் யாரோ பலகை அடித்து அறையாக்கியிருந்தார்கள். வரைபடத்துக்கு அது தெரியாது.

"நான் இப்ப அங்க இருந்துதாங்க வரேன்" என்றாள் மச்சினி.

"இருக்கலாம்மா. ஆனா இல்லாத ரூமுக்கு எப்படிக் கரண்ட் விடறது? பாதுகாப்புக்கே விரோதம்."

"அப்ப இத்தனை வருஷம் நான் எங்க உட்கார்ந்து வேலை செஞ்சேன்?"

"அதை நீங்கதான் விளக்கணும்" என்றார் துணைவேந்தர், உண்மையான கவலையோடு.

மச்சினியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, கதவைத் திறக்காம வெச்சிருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க. கரைஞ்சா எனக்கு வேற மீன் கிடையாதுய்யா."

உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். எங்களை இரக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாற்று அறை ஒன்றை ஒதுக்குவது என்று முடிவாயிற்று. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் 217ஆம் அறை காலியாக இருப்பதைத் திரையில் முதலில் பார்த்தவன் நான்தான். நல்ல அறை. சதுரமான அறை. கரண்ட் போகிறது, காற்று போகிறது, ஒரு குறை கிடையாது.

"யாரும் உபயோகப்படுத்தலையா?" என்று துணைவேந்தர் கேட்டார்.

"இது வரைக்கும் ஒருத்தர்கூட இல்லைங்கய்யா."

"அநியாயம். உடனே குடுங்க."

ஒதுக்கீட்டு ஆணையைத் துணைவேந்தரே தன் கையால் கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டோம். மச்சினி ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அத்தான், 216 இருக்கு. 218 இருக்கு. நடுவுல செவுருதான் இருக்கு."

விஷயம் இதுதான். வரைபடத்தில் 217 இருந்தது. கட்டும்போது செங்கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, இரண்டு பக்கத்து அறைகளும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ள, 217 வெறும் சுவராக முடிந்துவிட்டது.

"அறை உனக்கு ஒதுக்கியாச்சு" என்றேன்.

"செவுத்துக்குள்ள எப்படி அத்தான் ஃப்ரீஸரை வெக்கிறது?"

"அது ஒதுக்கீட்டுக்குப் பிறகு வர்ற பிரச்சினை. அதுக்குத் தனியா மனு குடு."

நல்ல வேளை, நவீன முறை யாரையும் கைவிடுவதில்லை. புதிதாக வயர் இழுத்தவர்கள் 217க்கு உரிய வயரை ஒழுங்காக இரண்டாம் மாடிவரை கொண்டுவந்து, அறையைத் தேடிப் பார்த்து, அது அகப்படாமல் போகவே, நடைபாதைப் பக்கம் சுவரிலேயே ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மச்சினியும் அவள் தோழிகளும் உறைபெட்டியை லிஃப்டில் ஏற்றி, அந்தச் சுவரோரம் நிறுத்தி, பிளக்கை மாட்டினார்கள். பெட்டி உறுமியது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்பாடா, பொழச்சிட்டோம்டா" என்று அழுதாள். குடலுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆலோசகர் வந்தார். "எவ்வளவும்மா இருக்கணும்?" என்று கேட்டார். "மைனஸ் எண்பது" என்றாள். அவர் அதைக் கணினியில் தட்டிவிட்டார். அந்த நொடியிலிருந்து திரையில் 217ஆம் அறைக்குள் ஒரு உறைபெட்டி, அதன்மேல் ஒரு சின்ன மீன் படம், பக்கத்தில் மைனஸ் எண்பது. பெட்டிக்கும் திரைக்கும் நடுவே வயர் கியர் எதுவும் கிடையாது. இவ்வளவு சிக்கனமான தொழில்நுட்பத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சில மாதங்கள் எல்லாம் சுபமாக நடந்தது. மச்சினி நடைபாதையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குக் காவல் இருந்தாள். பாதிக் குப்பிகளை ஆராய்ந்து முடித்துவிட்டாள். "இன்னும் பாதிதான் அத்தான், முடிச்சுட்டா நான் டாக்டர்" என்று சாப்பாட்டு வேளையில் சொல்லுவாள். என் மனைவிக்குப் பெருமை தாங்காது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு டாக்டர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்துவிட்டாள். மீன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் 217ஆம் அறையின் புகழ் வளர்ந்தது. திரையில் எல்லா அறைகளுக்கும் மதிப்பெண் வரும். 217 மாதாமாதம் முதலிடம். விளக்கை அணைக்காமல் போனார்கள் என்ற பேச்சே அங்கே இல்லை. குழாய் ஒழுகவில்லை. ஜன்னல் உடையவில்லை. சுவரில் யாரும் காதலி பெயரைக் கிறுக்கவில்லை. ஆசிரியர், மாணவர், துப்புரவுப் பணியாளர் எவரிடமிருந்தும் ஒரு முறையீடு கிடையாது. 'உலகத் தர வளாகம்' விருதுக்கு விண்ணப்பித்தபோது 217ஐத்தான் முன்னால் நிறுத்தினோம். விருதுக் குழு மகிழ்ந்துபோய், அந்த அறையை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டது.

துணைவேந்தர் கையைப் பிசைந்தார். "என்னப்பா காட்டறது?"

"அறை இருக்குங்கய்யா" என்றேன். "கதவுதான் இல்ல."

நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. விதி ஏழு தெளிவாகச் சொல்கிறது: கட்டடம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். நல்ல மரத்தில் ஒரு கதவு செய்து, பாலிஷ் போட்டு, சுவரின்மேல் பொருத்தினோம். பக்கத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்பூட்டு. மேலே பித்தளைத் தகட்டில் 217. தச்சர் மட்டும், "திறந்தா செவுரு தெரியுமே சார்" என்று முனகினார். "யாரு திறக்கப் போறா?" என்றேன்.

மிஞ்சியது உறைபெட்டி. திரையில் அது அறைக்குள் இருந்தது. நடைபாதை காலியாக இருந்தது. ஆனால் நிஜ நடைபாதையில் ஆள் உயரத்துக்கு அது உறுமிக்கொண்டு நின்றது. திரைக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன வேண்டும்? அன்றைக்குச் சாப்பிடும்போது மச்சினியிடம் பேச்சை எடுத்தேன்.

"ஒரு மணி நேரம்தான். பழைய இடத்துல படிக்குக் கீழ கொண்டுபோய் வெச்சிட்டு, அவங்க போனதும் மேல கொண்டுவந்து மாட்டிடலாம்."

அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "நாளைக்கு நான் இருக்கமாட்டேன் அத்தான். கருத்தரங்குக்கு வெளியூர் போறேன். ரெண்டு மூணு நாளாகும். நான் வந்தப்புறம் வெச்சுக்கக் கூடாதா?"

"விருதுக் குழுவை உன் வசதிக்கு வரச் சொல்ல முடியுமா?"

"அப்ப நீங்களே மாட்டணும். வேற யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகக் கூடாது. உங்க கையாலயே மாட்டணும்."

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அவள் அக்காவைப் பார்த்தாள். என் மனைவி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டபடியே, "அவர் மாட்டுவாருடி. நான் சொல்றேன்ல, சாப்பிடு" என்றாள்.

மறுநாள் விருதுக் குழு வந்தது. உறைபெட்டியைப் படிக்குக் கீழே தள்ளிப் பலகைக் கதவைச் சாத்தியாயிற்று. சுவரில் பிளக் பாயின்ட் சும்மா இருப்பானேன் என்று அதில் காபி இயந்திரத்தை மாட்டியிருந்தோம். குழுத் தலைவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு 217இன் கதவுக்கு முன்னால் நின்றார். நான் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. 'அனுமதி இல்லை' என்றது பூட்டு.

"உங்களுக்கே அனுமதி இல்லையா?" என்றார் தலைவர்.

"எனக்கு ஏது? நான் உதவிப் பதிவாளர்தானே."

துணைவேந்தர் தன் அட்டையை வைத்தார். சிவப்பு. அவர் முகத்தில் பெருமிதம் பொங்கியது. "பார்த்தீங்களா? என்னையே விடாது."

"அப்ப உள்ள யார்தான் போவாங்க?"

"போகவேண்டிய அவசியமே வராதுங்க. எல்லாம் தானா நடக்கும்."

தலைவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். "அடேயப்பா, என்ன உறுதி! அசையவே இல்லையே." குழுவிலிருந்த ஓர் அம்மையார் கதவில் காதை வைத்துக் கேட்டார். "ஒரு சின்ன சத்தம்கூட வரல. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரூம் இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்று ஏங்கினார். கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனோம். வால்வு சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 217ஐக் காட்டினார். மீன் படத்தைப் பார்த்ததும் குழுவே சிரித்து மகிழ்ந்தது. பிறகு விருந்து, உரைகள், இன்னொரு விருந்து.

நான் மறந்துவிட்டேன் என்று என்னைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். அபாண்டம்! நான் மறக்கவே இல்லை. குழுவை வழியனுப்பிவிட்டு நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போனேன். "217 எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஜில்லுன்னு இருக்கு சார்" என்றார் வால்வு. எட்டிப் பார்த்தேன். மைனஸ் எண்பது. நானும் படித்தவன்தான், யோசித்தேன். பெட்டி மைனஸ் எண்பதில் இருக்கிறது என்றால் பிளக் மாட்டியிருக்கிறது. மாட்டியிருக்கிறது என்றால் யாரோ புண்ணியவான் மாட்டிவிட்டான். இனி நான் போய் மாட்டினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ததாகும். அரசாங்கப் பணத்தில் அது தவறு. வீட்டுக்குப் போனேன்.

"மாட்டிட்டீங்களா?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"மைனஸ் எண்பது" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அடுத்த குழுக்கூட்டத்தில் ஒரு நாற்றம் வந்து கலந்துகொண்டது. சாதாரண நாற்றம் இல்லை. புதிய காற்றுக் குழாய்கள் எல்லாக் கட்டடத்தையும் ஒன்றாக இணைத்திருந்ததால் யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் சமமாக வந்தது.

துணைவேந்தர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னய்யா இது? எங்க இருந்து வருது?"

ஆலோசகர் திரையை அலசினார். "நாத்தம் எதுவும் காட்டலைங்கய்யா."

"எனக்கு வருதே!"

"நாத்தத்துக்கு நம்ம இன்னும் கலர் ஒதுக்கலை. அடுத்த கட்டத்துல இருக்கு."

விதி ஏழின்படி நாற்றம் இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றினோம். எல்லோரும் கைக்குட்டைக்குள்ளிருந்தே ஆதரவு தெரிவித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மச்சினி ஊரிலிருந்து வந்தாள். பெட்டி படுக்கையோடு நேராக இரண்டாம் மாடிக்கு ஏறியிருக்கிறாள். பிளக் பாயின்டில் காபி இயந்திரம். நான் போய்ச் சேர்ந்தபோது படிக்குக் கீழே பலகைக் கதவு திறந்து கிடந்தது. உறைபெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாம் கலங்கிய தண்ணீர். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு அத்தான். அத்தனையும் போச்சு."

நான் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்க முடியாமல் நின்றேன்.

"இனிமே அந்த மீனை நான் எங்க போய்ப் பிடிப்பேன்? அங்க கார் நிக்குது." குப்பியைக் கீழே வைத்தாள். "உங்க கையாலயே மாட்டணும்னு சொன்னேனே."

ஆறுதல் சொல்வது மூத்தவன் கடமை. "இங்க பாரு, மனசை விட்டுடாதே. வா, வந்து திரையைப் பாரு. இப்பவும் மைனஸ் எண்பதிலதான் இருக்கு. உன் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. என் வார்த்தையால் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே விருது அறிவிப்பு வந்தது. முதல் பரிசு எங்களுக்கு! அறிக்கையைத் துணைவேந்தர் நின்றுகொண்டே உரக்க வாசித்தார். "217ஆம் அறை இந்நூற்றாண்டின் முன்மாதிரி. அங்கே விரயம் இல்லை, இரைச்சல் இல்லை, முறையீடு இல்லை. பல்கலைக்கழகத்தின் மற்ற எல்லா அறைகளையும் 217இன் நிலைக்கு உயர்த்துமாறு பரிந்துரைக்கிறோம்."

"ஆரம்பிச்சுடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் துணைவேந்தர். அங்கேயே என்னைத் துணைப் பதிவாளர் ஆக்கி, கழுத்தில் ஒரு பதக்கத்தையும் மாட்டிவிட்டார். வால்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே கைதட்டினார். அவர் எழுந்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?" மனைவியின் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் புருஷன். என்ன விளையாட்டு இது? கதவைத் திற, பசிக்குது."

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு வாசனையும் வந்தது. பிறகு மனைவி, எனக்குக் கேட்கிற மாதிரி, "ஏண்டி, அவர் வெளிய நிக்கிறேன்னு சொல்றாரே, பாரு" என்றாள்.

மச்சினியின் குரல் அமைதியாக இருந்தது.

"திரையில பார்த்துட்டேன்க்கா. அத்தான் உள்ளதான் இருக்காரு. சாப்பிட்டு முடிச்சுட்டாரு. ஒரு குறையும் சொல்லல."

"ஏம்மா, நான் இங்க நிக்கிறேன்! இதோ தட்டுறேனே, கேக்கலையா?"

"அங்க யாரும் இல்லக்கா. நீ சாப்பிடு."

வாசல் விளக்கும் அணைந்தது. கோபம் வந்தது. அவமானமாக இருந்தது. கதவை உடைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் நியாயம் தெரிந்தவன். எவ்வளவு யோசித்துப் பார்த்தும் அவள் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. விதி ஏழின்படி அது முற்றிலும் சரி.

அந்த விதியை எழுதியவன் நான்தான்.